நடுவயதில் மலர்ந்த நற்பணி
(கர்னல் பென்னிகுவிக் வாழ்க்கை வரலாறு)

மனிதப் பிறவி கிடைத்தற்கு அரியது என்று நம் ஆசாரியர்கள் பலவாறு எடுத்துரைத்துள்ளனர். அப்பிறவியில் இளமையைக் கல்விக்கும் முதுமையை ஆன்ம சிந்தனைக்கும் உரியதாக வகுத்துக்கொள்கிறோம். இடையில் உள்ள நடுவயதோ பெரும்பாலும் குடும்பச் சுமையிலேயே கழிந்துபோகிறது. நாற்பதைக் கடந்ததும், இனி நம்மால் ஆவது என்ன என்று சோர்ந்துவிடுவோர் நம் இல்லங்களிலும் உண்டு. பிள்ளைகளுக்குப் பொருள் சேர்ப்பதும் அவர்களுக்கு மணம் முடிப்பதுமே எஞ்சிய கடமை என்று எண்ணி, தம்முள் உறங்கும் ஆற்றலை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அச்சோர்வுக்கு நன்மருந்தாக அமைவது கர்னல் ஜான் பென்னிகுவிக் அவர்களின் வரலாறு. அவர் நம் சமயத்தவர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். எனினும் நற்செயல் எவரிடத்துக் காணப்படினும் அதனைப் போற்றுதல் நம் மரபாகும்.

வறண்ட பள்ளத்தாக்கு

தேனி மாவட்டத்திலுள்ள உத்தமபாளையம் நம்மவர் அறிந்த ஊரே. அங்குள்ள குன்றின் பாறையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களை இன்றும் தரிசிக்கலாம். அவ்வூரிலிருந்து தெற்கே சென்றால் கம்பமும், அதனைக் கடந்தால் கூடலூரும் வரும். கூடலூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் என்னும் சிற்றூர் உள்ளது. இருமருங்கும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்து கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் வழி இது.

ஆயினும், இப்பகுதி என்றும் இவ்வாறு செழித்திருந்ததில்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவிலேயே பெருமளவு பொழிந்துவிடும். கிழக்கே உள்ள பள்ளத்தாக்கும் மதுரைச் சீமையும் மழைமறைவுப் பகுதிகள். அங்கே பெரியாறு பெருக்கெடுத்து மேற்குக் கடலில் வீணே கலந்துகொண்டிருக்க, இங்கே வைகை மணலாகக் கிடந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் எண்ணற்றோர் மாண்டனர்.

மேற்கே பாயும் நீரைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் மிகப் பழையது. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டிலேயே ஆட்களை மலைக்கு அனுப்பி இதனை ஆராயச் செய்தார்; பொருள் இன்மையால் மேலே செல்ல இயலவில்லை. 1808இல் கேப்டன் கால்டுவெல் என்னும் அதிகாரி ஆராய்ந்து, இது நடவாத காரியம் என்று ஒதுக்கினார். 1850இல் சிறிய அளவில் தொடங்கப்பட்ட வேலையும் காட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. இவ்வாறு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நல்லதோர் எண்ணம் காகிதத்திலேயே உறங்கியது.

தந்தையை இழந்த சிறுவன்

பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படையில் உயர் அதிகாரி. 1849 ஜனவரியில் பஞ்சாபில் சில்லியன்வாலா என்னுமிடத்தில் நடந்த போரில் தந்தையாரும், பதினேழே வயதான தமையனாரும் ஒரே நாளில் உயிரிழந்தனர். அப்போது நம் வரலாற்று நாயகருக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. போர் ஒரு குடும்பத்திற்கு இழைக்கும் கொடுமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ!

இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், பின்னர் ஆடிஸ்கோம்பு இராணுவக் கல்லூரியிலும் பயின்ற அவர், 1858இல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1860இல், தம் பத்தொன்பதாம் வயதில், இந்தியா வந்தார். 1867–68இல் அபிசீனியப் படையெடுப்பில் பணியாற்றியது நீங்கலாக, அவர் இளமை பொதுப்பணித் துறையில் பல ஊர்களில் கழிந்தது. 1879இல், முப்பத்தெட்டாம் வயதில், கிரேஸ் ஜார்ஜியானா சாமியர் என்னும் அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு ஐந்து பெண்மக்களும் ஓர் ஆண்மகனும் பிறந்தனர்.

அந்நாள்வரை அவர் வாழ்க்கையில் உலகம் வியக்கத்தக்க செயல் எதுவும் இல்லை. திறமையும் ஒழுங்கும் உடைய பல அதிகாரிகளுள் ஒருவர், அவ்வளவே. பதவி உயர்வுகளைப் பெற்றுக்கொண்டு, ஓய்வூதியத்துடன் தாயகம் திரும்பியிருந்தால், இன்று அவர் பெயரை அறிந்தோர் எவரும் இரார்.

நாற்பத்தொன்றில் திரும்பிய திசை

1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரியாற்றுத் திட்டத்தை ஆராய்ந்தவர்களுள் இளம் அதிகாரியாக இருந்த பென்னிகுவிக்கும் ஒருவர். இடையில் பஞ்சம் வந்து அத்திட்டம் கிடப்பில் போடப்பட்டது. பஞ்சம் கற்பித்த பாடத்தால் 1882இல் சென்னை அரசாங்கம் அதனை மீண்டும் கையில் எடுத்து, புதிய திட்டமும் மதிப்பீடும் வகுக்கும் பொறுப்பை அவரிடமே அளித்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

எளிதான வேலையைத் தேடும் வயதில் அரிதான வேலையை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதை நாம் கருதுதல் வேண்டும். இளமையில் கண்டு வைத்த மலையும் ஆறும் அவர் உள்ளத்தில் மறையாதிருந்தன. இருபது ஆண்டுகளில் கற்ற தொழிலறிவு அனைத்தையும் ஒரே நோக்கில் திருப்பினார். ஆற்றின் குறுக்கே உயர்ந்த அணை கட்டி நீரைத் தேக்குதல்; மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேல் நீளமுள்ள சுரங்க வழியமைத்து அந்நீரைக் கிழக்கே இறக்குதல்; இதுவே அவர் திட்டம். 1884இல் அது ஏற்கப்பட்டது. அணைக்குரிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததாகையால், 1886 அக்டோபர் 29ஆம் நாள் எண்ணாயிரம் ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெறும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1887இல் வேலை தொடங்கியபோது அவர் நாற்பத்தாறு வயதினர்.

வெள்ளமும் காய்ச்சலும்

அணை எழவேண்டிய இடம் மனித நடமாட்டமற்ற பெருங்காடு. யானைகள் உலவும் இடம். அங்கே செல்லச் சாலையும் இல்லை. கூடலூர்ப் பக்கத்து அடிவாரமே வேலைக்கு வாயிலாக அமைந்தது. குருவனூத்துப் பகுதியில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லும் பிற பொருள்களும் மலைமேல் ஏற்றப்பட்டு, பின்னர்ப் படகுகள் வழியாகவும் அணைக்குச் சென்றன. சிமெண்டு பரவலாக வழக்கில் வராத காலம் அது. சுண்ணாம்பும் சுர்க்கியும் மணலும் கலந்த சாந்தும் கருங்கல்லுமே கொண்டு அணை எழுப்பப்பட்டது. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி.

அடித்தளம் இடுவதே பெரும்பாடாயிற்று. ஆற்றைத் தடுக்கத் தற்காலிகமாக எழுப்பிய கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. மாதக்கணக்கான உழைப்பு ஓரிரவில் காணாமற்போகும். மறுநாளே முதலிலிருந்து தொடங்க வேண்டும். இளைஞராயினும் மனம் உடைந்துவிடும் நிலை அது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த பென்னிகுவிக்கும் அவருடைய உதவியாளர்களும் தோல்வியைத் தோல்வியாகக் கொள்ளாமல், வெள்ளம் கற்பித்த பாடமாகக் கொண்டு வழிமுறையைத் திருத்திக்கொண்டே சென்றனர்.

வெள்ளத்தினும் கொடியது காய்ச்சல். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897ஆம் ஆண்டில்தான்; அஃதாவது அணை முடிந்து ஈராண்டுகள் கழித்து. ஆகவே தம்மைத் தாக்கும் பகை எது என்பதே அறியாமல் அம்மக்கள் உழைத்தனர். பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள், சென்னைப் பயனியர் படையினர், கொச்சியிலிருந்து வந்த தச்சர்கள் ஆகியோரில் பலர் காய்ச்சலுக்கும் விபத்துக்கும் இரையாயினர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அணையை நினைக்கும்போது பென்னிகுவிக் ஒருவரை மட்டும் நினைத்து, அவ்வேழை உழைப்பாளிகளை மறப்பது அறமாகாது.

1895ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரமும் ஏறத்தாழ 1,200 அடி நீளமும் கொண்ட அணை நின்றது. நூறாண்டுக் கனவு நனவாகியபோது பென்னிகுவிக் ஐம்பத்துநான்கு வயதினர்.

அவர் இங்கிலாந்திலிருந்த தம் சொத்துகளை விற்று அணையை முடித்தார் என்று பள்ளத்தாக்கில் வழிவழியாகக் கூறுவர். அரசு ஆவணங்களின்படி செலவை ஏற்றது சென்னை அரசாங்கமே. அக்கதை மக்களின் நன்றிப்பெருக்கால் விளைந்தது எனலாம். பொய்யாமையை விரதமாகக் கொண்ட நாம் ஒருவரைப் போற்றும்போதும் உண்மையின் எல்லைக்குள் நிற்றலே முறை. அவர் புகழுக்கு அவர் உழைப்பே போதுமானது.

ஐம்பத்தைந்தில் ஆசிரியர்

பெரும்பணி முடிந்ததும் ஓய்ந்திருக்க அவர் விரும்பவில்லை. 1896இல் இங்கிலாந்தில், இந்தியப் பணிக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவித்துவந்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்று, 1899 வரை பணியாற்றினார். மலையிலும் வெள்ளத்திலும் தாம் பெற்ற அறிவு தம்மோடு மறையாமல் இளைஞர்களைச் சென்றடைய வழி பிறந்தது. பயிற்சிப் பள்ளிகளில் காலம் கழித்த என் போன்றோருக்கு அவர் வாழ்வில் மிகவும் உவப்பான பகுதி இதுவேயாகும்.

1893இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரைப் பெருவெள்ளம் அழித்திருந்தது. அவ்வெள்ளத்தைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்து கூறுமாறு அந்நாட்டினர் அழைக்க, 1899இல் தம் ஐம்பத்தெட்டாம் வயதில் கடல் கடந்து சென்று அறிக்கை அளித்தார். அவ்வாண்டில்தான் அவருடைய ஒரே மகனும் பிறந்தார்; தந்தையின் பெயரையே தாங்கிய அம்மகனார் பிற்காலத்தில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார்.

1911 மார்ச் 9ஆம் நாள், எழுபதாம் வயதில், இங்கிலாந்தின் கேம்பர்லியில் பென்னிகுவிக் காலமானார். அருகிலுள்ள ஃபிரிம்லி தேவாலயத்து இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நீர் மறவாத நன்றி

அவர் திருப்பிவிட்ட நீர் இன்றும் கூடலூர்ப் பக்கம் இறங்கி, சுருளியாற்றின் வழியே வைகையில் கலக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைய அதுவே ஆதாரம். மதுரை வரையிலும் அதற்கு அப்பாலும் ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அந்நீரால் பயன்பெறுகிறது. அதே நீரால் லோயர் கேம்ப்பில் மின்சாரமும் உற்பத்தியாகிறது. அங்கே 2013இல் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பியது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் பிறந்தநாள் தைப்பொங்கலை ஒட்டி வருவதால், பள்ளத்தாக்கின் உழவர்கள் அவர் படத்தின்முன் பொங்கலிட்டு வணங்குகின்றனர். குழந்தைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுவோரும் உண்டு.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் மூன்று செய்திகளைக் கொள்ளலாம். முதலாவது, நடுவயதில் வாழ்க்கையை மாற்றுவதென்றால் பழையன யாவற்றையும் உதறிவிட்டு ஓடுவதன்று. பென்னிகுவிக் தொழிலையோ குடும்பத்தையோ துறக்கவில்லை. கற்ற கல்வியை ஒரு பெரும்பயனை நோக்கித் திருப்பினார். இரண்டாவது, இளமையில் தொட்டு இடையில் விட்ட நற்காரியம் ஒன்று ஒவ்வொருவரிடத்தும் இருக்கும். நாற்பதுக்குப் பின் அதனை மீண்டும் எடுப்பதற்கு, இளமையில் இல்லாத அனுபவமும் பொறுமையும் நமக்குத் துணை நிற்கும். மூன்றாவது, கரை உடைந்தால் மறுநாள் மீண்டும் கட்டவேண்டும்.

இல்லறத்தார்க்கு உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என நால்வகைத் தானங்களை நம் சமயம் விதித்துள்ளது. இவற்றைச் செய்யச் செல்வம்தான் வேண்டும் என்பதில்லை. நீர் தந்தவர் உணவு தந்தவராகிறார். கற்றதைப் பிறர்க்குக் கற்பிப்பவர் கல்வித் தானம் செய்தவராகிறார். நம் ஊர்களில் படிக்க வசதியற்ற பிள்ளைக்கு மாலையில் ஒருமணி நேரம் பாடம் சொல்லுதல், கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஜினாலயத்தின் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் பேணுதல், முதியோர்க்கு மருந்து வாங்கித் தருதல், தூர்ந்துபோன குளத்தை ஊராருடன் சேர்ந்து சீர்செய்தல் போன்றவற்றுள் ஏதேனும் ஒன்றை நாற்பது, ஐம்பது வயதினர் ஒவ்வொருவரும் ஏற்றுக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஒருமணி நேரம் என்று தொடங்கினாலும், பத்தாண்டுகளில் அது பெரும்பணியாகிவிடும்.

மலைக்கு மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பியதால் ஒரு நாடே செழித்தது. நம் நாள்களும் அவ்வாறே திரும்பத்தக்கவை. வாழ்க அறம்!