ஒன்பது மாத இல்லறம்: அதோனிராம் ஜட்சனின் தாயகத் தங்கலும் பர்மாவுக்கான மீள்பயணமும் (1845–1846)

முன்னுரை

விவிலியம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்த்தவரும் அம்மொழிக்கு அகராதி கண்டவருமான அமெரிக்கத் திருப்பணியாளர் அதோனிராம் ஜட்சன் (1788–1850), 1812 பிப்ரவரியில் தாயகத்தை விட்டுக் கப்பலேறினார். கல்கத்தாவிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து 1813 சூன் மாதத்தில் இரங்கூனுக்குப் புறப்பட்டார். அதன்பின் அவர் தாயகத்தில் கால் வைத்தது ஒரே ஒரு முறைதான். 1845 அக்டோபர் 15ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கியவர், 1846 சூலை 11ஆம் நாள் அதே துறைமுகத்திலிருந்து பர்மாவுக்கு மீண்டார். இடைப்பட்ட காலம் ஒன்பது மாதங்களுக்குச் சில நாள் குறைவு.

இக்காலத்தைப் பொதுக்கூட்டங்களின் வரவேற்பாகவும் மறுமணச் செய்தியாகவும் சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கமாகியுள்ளது. கூட்டங்களை ஒதுக்கிவிட்டு இல்லத்தின் பக்கமிருந்து நோக்கினால் வேறொரு காட்சி புலப்படுகிறது. ஜட்சன் இம்மாதங்களில் மேற்கொண்ட பயண ஆயத்தத்தின் பெரும்பகுதி, தம் குழந்தைகள் யார் இல்லத்தில் வளர்வது என்பதை முடிவு செய்வதாகவே இருந்தது. மீள்பயணத்திற்கான விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர்கள் அக்குழந்தைகளே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

கடல்வழியில் குறைந்த குடும்பம்

ஜட்சனின் முதல் மனைவி ஆன் ஹேசல்டைன் 1826இல் ஆம்ஹர்ஸ்ட் நகரில் மறைந்தார். அவர்களுடைய குழந்தைகளுள் ஒன்றும் எஞ்சவில்லை. 1834இல் ஜட்சன், மறைந்த சக ஊழியர் ஒருவரின் துணைவியாரான சாரா ஹால் போர்டுமனை மணந்தார். சாராவுக்கு முதல் மணத்தில் பிறந்த ஜார்ஜ், தன் ஆறாம் அகவையில் பெற்றோர் துணையின்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். வெப்பநாட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சியும் கல்வியைக் கருதியும் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்புவது அக்காலத் திருப்பணியாளர் குடும்பங்களில் இயல்பாக இருந்தது. இயல்பாக இருந்தது என்பதனால் எளிதாக இருந்தது என்று கொள்ளுதற்கில்லை.

சாராவுக்கும் ஜட்சனுக்கும் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. அவர்களுள் இருவர் 1841ஆம் ஆண்டிலேயே இல்லையாயினர். சாராவின் உடல்நலம் முற்றும் சீர்குலைந்த நிலையில், கடற்பயணம் ஒன்றே அவரைக் காக்கும் என்று கருதப்பட்டது. 1845 ஏப்ரலில் மௌல்மீனிலிருந்து குடும்பம் புறப்பட்டது. மூத்தவர்களான அபி ஆன் (பிறப்பு 1835), அதோனிராம் (1837), எல்நாதன் (1838) ஆகியோர் உடன்சென்றனர். ஹென்றி, சார்லஸ், நான்கு மாதக் கைக்குழந்தையான எட்வர்ட் ஆகிய மூவரும் பர்மாவிலேயே சக ஊழியர் குடும்பங்களிடம் விடப்பட்டனர். குடும்பம் இரண்டாகப் பிளந்தது பாஸ்டனில் அன்று, மௌல்மீன் துறையிலேயே என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

அகராதிப் பணி தடைப்படலாகாது என்று ஜட்சன் பர்மிய உதவியாளர் இருவரையும் உடன் அழைத்துச் சென்றார். மொரீசியசை அடைந்தபோது சாரா சற்றுத் தேறினார். அவர் குழந்தைகளுடன் அமெரிக்கா செல்வதென்றும் ஜட்சன் அங்கிருந்தே பர்மா திரும்புவதென்றும் முடிவாயிற்று. உதவியாளர் இருவரும் முன்னதாக மௌல்மீனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆனால் சாராவின் நோய் மீண்டும் முற்றியது. உதவியாளரை இழந்து அகராதி நின்றது. மனைவியை விட்டுச் செல்ல இயலாமையால் ஜட்சனின் பயணம் தொடர்ந்தது. 1845 செப்டம்பர் 1ஆம் நாள் செயின்ட் ஹெலினா தீவின் துறைமுகத்தில் சாரா உயிர்நீத்தார். அன்றே அடக்கம் நிகழ்ந்தது. அன்றே கப்பலும் புறப்பட்டது. தாயை இழந்த குழந்தைகள் மூவரும் ஐம்பத்தேழு அகவைத் தந்தையும் எஞ்சிய ஆறு வாரங்களைக் கப்பலறையில் கழித்தனர். அமெரிக்காவில் காத்திருந்த ஜார்ஜ், தான் பிரிந்துவந்த தாயை மீண்டும் காணவில்லை.

பாஸ்டனை அடைந்த பிறகு மற்றொரு செய்தியும் ஜட்சனை எட்டியது. மௌல்மீனில் விட்டுவந்த சார்லஸ், ஆகஸ்ட் 5ஆம் நாளிலேயே, அதாவது தாய் இறப்பதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முன்பே இறந்திருந்தான். கடல்வழி அஞ்சலின் காலத்தாழ்வினால், அத்தாய் தம் மகன் இறந்ததை அறியாமலே மறைந்தார்.

அயலாகிவிட்ட தாயகம்

பாஸ்டனை நெருங்குகையில் ஜட்சனை வாட்டிய கவலைகளுள் ஒன்று, குழந்தைகளுடன் தங்குவதற்கு இடம் கிடைக்குமா என்பது. நகரின் இல்லங்கள் பல அவருக்காகத் திறந்திருந்தன என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. முப்பத்துமூன்று ஆண்டுகளில் நாடு மாறியிருந்தது. அவர் சென்றபோது இல்லாத இருப்புப்பாதை இப்போது ஊர்களை இணைத்தது. தொடர்வண்டியில் செய்தித்தாள் விற்ற சிறுவன் நீட்டிய தாளை வாங்கிய ஜட்சன், அவன் காசுக்காகக் காத்து நிற்கிறான் என்பதை உடனமர்ந்திருந்த பெண்மணி சொல்லித்தான் அறிந்தார். பர்மாவில் நெடுங்காலம் துண்டு நூல்களை விலையின்றி வழங்கிப் பழகியவருக்கு அது தோன்றவில்லை.

உறவினர் நிலையும் அவ்வாறே. தந்தை 1826இலும் தம்பி எல்நாதன் 1829இலும் தாய் 1842இலும் மறைந்துவிட, பிறந்த குடும்பத்தில் எஞ்சியவர் தங்கை அபிகேல் ஒருவரே. ஆயினும் அம்முன்னோரின் பெயர்கள் ஜட்சனோடு கப்பலில் வந்தன. தந்தையின் பெயரும் தம் பெயரும் ஒன்றாகிய அதோனிராமை மூத்த மகனுக்கும், தம்பியின் பெயரை அடுத்த மகனுக்கும், தாயும் தங்கையும் தாங்கிய அபிகேல் என்பதை மகளுக்கும் அவர் இட்டிருந்தார். தமிழில் பெயரன், பெயர்த்தி என்னும் சொற்களுக்கு நாம் காணும் பொருள் இங்கு முழுமையாகப் பொருந்துகிறது. பெயரைத் தாங்கியோர் வந்து சேர்ந்தனர்; பெயருக்கு உரியோருள் பெரும்பாலோர் அங்கு இல்லை.

மொழி தொடர்பாக ஒன்று குறிப்பிடத்தக்கது. தொண்டை, நுரையீரல் நோய்களால் ஜட்சனின் குரல் கிசுகிசுப்பாகத் தேய்ந்திருந்தது. கூட்டங்களில் அவர் மெல்லச் சொல்வதை அருகில் நிற்பவர் உரக்க எடுத்துரைக்க வேண்டியிருந்தது. ஆனால் தடை குரலில் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் மேடையுரை நிகழ்த்துவதிலிருந்து தம்மை விடுவிக்குமாறு புறப்படுவதற்கு முன்னரே அவர் வேண்டியிருந்தார். பர்மிய மொழியிலேயே சிந்தித்துப் பேசிப் பழகியதால் தாய்மொழியில் சரளம் குன்றியிருந்தது. அதை மீட்டெடுத்தால் பர்மியச் சரளம் குறையும் என்ற அச்சமும் இருந்தது. மொழியியல் நோக்கில் இவ்வச்சம் எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராய்தற்குரியது. எனினும் தாயகத்தில் கால் பதிக்கும் முன்பே எம்மொழியை விட்டுக்கொடுக்கலாகாது என்று அவர் முடிவு செய்திருந்தமை, அவர் எதை இல்லமாகக் கொண்டிருந்தார் என்பதைக் காட்டுகிறது.

அக்குரலும் ஒருமுறை தானாக எழுந்தது. 1845 நவம்பரில் நியூயார்க்கில் கூடிய பேரவையில், பொருள் முட்டுப்பாட்டால் அரக்கான் பகுதிப் பணியைக் கைவிடும் முன்மொழிவு வந்தபோது ஜட்சன் எழுந்து, அதனைக் கைவிடுவதாயின் தாமே அரக்கானுக்குச் செல்வதாகத் தெரிவித்தார். மனைவியை அடக்கம் செய்து மூன்று மாதங்கூட ஆகாத நிலையில், மூன்று குழந்தைகளின் வருங்காலம் முடிவாகாத நிலையில், திரும்பிச் செல்வது மட்டும் அவரளவில் ஐயத்திற்கு இடமின்றி உறுதியாகியிருந்தது.

எமிலி சப்பக்

1845 திசம்பரில் ஃபிலடெல்ஃபியாவுக்குச் செல்லும் தொடர்வண்டியில் ஜட்சனிடம் ஒரு நூல் தரப்பட்டது. ஃபானி ஃபாரஸ்டர் என்னும் புனைபெயரில் எழுதப்பட்ட கதைகளின் தொகுதி அது. எழுத்தின் ஆற்றலை வியந்த அவர், அவ்வாற்றல் இன்னும் உயரிய பொருளில் செலுத்தப்படலாமே என்று கருதினார். அவ்வெழுத்தாளராகிய எமிலி சப்பக், ஜட்சன் விருந்தினராகச் செல்லவிருந்த இல்லத்திலேயே தங்கியிருந்தார். சாராவின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு கேட்பதற்காகவே ஜட்சன் அவரை அணுகினார். சில வாரங்களுக்குள் உரையாடல் மணவுறுதியில் முடிந்தது.

எமிலி 1817இல் நியூயார்க் மாநிலத்தின் ஈட்டன் ஊரில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே கம்பளி ஆலையில் வேலை செய்தவர். பின்னர் ஆசிரியராகி, எழுத்து வருவாயைக் கொண்டு ஹாமில்டன் ஊரில் பெற்றோருக்கு வீடு வாங்கித் தந்தவர். அவர் தாம் நிலைநாட்டிய இல்லத்தை விட்டுப் புறப்படவிருந்தார். ஜட்சனின் மீள்பயணத்தால் குலைந்த குடும்பம் ஜட்சனுடையது மட்டும் அன்று என்பதற்காக இதனை இங்குக் குறிப்பிட வேண்டியுள்ளது.

இம்மணத்தை இரு தரப்பாரும் பழித்தனர். கதை எழுதும் பெண் திருப்பணிக்கு ஆகாள் என்றனர் சமயத்தார். வளர்ந்துவரும் எழுத்தாளர் ஒருவர் வீணே தம்மை அழித்துக்கொள்கிறார் என்றது இலக்கிய உலகம். மணமகனுக்கு 57, மணமகளுக்கு 28 அகவை. 1846 சூன் 2ஆம் நாள் ஹாமில்டனில் திருமணம் நிகழ்ந்தது. கப்பல் புறப்பட நாற்பது நாட்களே எஞ்சியிருந்தன.

இம்மணத்தில் காதலைத் தேடுவோரும் வசதியைத் தேடுவோரும் உளர். இரண்டும் இருந்தன என்பதே ஏற்புடையது. மௌல்மீனில் தாயற்ற சிறுவர் இருவர் காத்திருந்தனர். அமெரிக்காவில் விடப்படவிருந்த மூவருக்குக் கடிதம் எழுதவும் தாய் ஒருத்தி தேவைப்பட்டாள். எமிலி இவற்றை அறிந்தே இசைந்தார். சாராவின் வரலாற்றையும் அவரே எழுதினார். 1848இல் அது நூலாக வெளிவந்தது. முன்னவளின் வாழ்வைப் பின்னவள் எழுதும் நிலை அரிதானது.

குழந்தைகளை ஒப்படைத்தல்

சிறுவர் அதோனிராமும் எல்நாதனும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உர்ஸ்டர் நகரில் ஒரு மருத்துவர் குடும்பத்தில் ஒப்படைக்கப்பட்டனர். அபி ஆன் அம்மாநிலத்திலேயே வேறோர் இல்லத்தில் விடப்பட்டாள். அண்ணன் தம்பியரையேனும் ஒன்றாக வைக்க முடிந்தது. அக்காளை அவர்களோடு வைக்க முடியவில்லை. ஓராண்டு முடிவதற்குள் அக்குழந்தைகள் வளர்ந்த வீட்டையும் தாயையும் ஒரு தம்பியையும் இழந்து, இப்போது தந்தையையும் பிரிந்தனர்.

தமிழ் மரபில் பிரிவுக்கு இலக்கணம் உண்டு. கல்வி, பகை, தூது, பொருள் முதலியவற்றைக் காரணமாகக் காட்டும் தொல்காப்பியம், கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்வதில்லை என்றும் வரையறுக்கிறது. ஜட்சன் குடும்பத்தில் இது தலைகீழாகிறது: மனைவி உடன்செல்கிறாள், பிள்ளைகள் கரையில் நிற்கின்றனர். பிரிவைத் தலைவன், தலைவி ஆகிய இருவரிடத்தும் வைத்தே பேசிய அகமரபில், தந்தையைப் பிரியும் பிள்ளைக்குத் தனித்துறை அமையவில்லை. இவ்வொப்பீட்டை இதற்குமேல் நீட்டுதல் பொருந்தாது.

நமக்கு இன்னும் அணுக்கமான தொடர்பு ஒன்றுண்டு. 1812இல் ஜட்சனை முதன்முதலாக அனுப்பிய அமெரிக்கன் போர்டு என்னும் அமைப்பே பின்னர் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கி வட்டுக்கோட்டைக் கல்விக்கழகத்தை நிறுவியது. 1862இல் சென்னையில் வெளிவந்த தமிழ் – ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர் மைரன் வின்சுலோ அதன் ஊழியரே. ஜட்சன் கப்பலில் ஞானமுழுக்குக் கொள்கை பற்றி மனம் மாறிப் பாப்டிஸ்டு சபையினரோடு சேர்ந்தமையால் அவ்வமைப்பிலிருந்து விலகினார். எனினும் அகராதியையும் குடும்பத்தையும் ஒருங்கே சுமந்த அந்த வாழ்முறை இரு தரப்பினருக்கும் பொதுவாக இருந்தது. அகராதிகளின் முகப்பில் ஆசிரியர் பெயரைக் காணும் நாம், அப்பணிக்காகக் கடல் கடந்து பிரிந்த பிள்ளைகளைப் பற்றி அரிதாகவே வினவுகிறோம்.

மீண்ட பின்

1846 நவம்பர் 30ஆம் நாள் ஜட்சனும் எமிலியும் மௌல்மீனை அடைந்தனர். கைக்குழந்தையாக விடப்பட்ட எட்வர்டுக்கு அப்போது இரண்டு அகவை நிறையும் தறுவாய். நான்கு வயது ஹென்றியும் வந்து சேர, எமிலி ஒரே நாளில் இரு பிள்ளைகளுக்குத் தாயானார். 1847 திசம்பரில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். ஆங்கிலம் – பர்மிய அகராதிப் பகுதி 1849 தொடக்கத்தில் நிறைவுற்றது; பர்மியம் – ஆங்கிலப் பகுதி முற்றுப்பெறவில்லை. 1850 ஏப்ரல் 12ஆம் நாள், உடல்நலம் தேடிச் சென்ற கடற்பயணத்தில் ஜட்சன் இறந்து கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அச்செய்தி எமிலியை எட்ட நான்கு மாதங்களாயின.

1851இல் எமிலி, ஹென்றி, எட்வர்ட், தம் மகள் ஆகியோருடன் அமெரிக்கா திரும்பி, ஐந்து ஆண்டுகளுக்கு முன் விட்டுச்சென்ற மூவரையும் தம் பொறுப்பில் ஏற்றார். தந்தையை மீண்டும் காணும் வாய்ப்பு அம்மூவருக்கும் அமையவில்லை. கணவரின் வாழ்க்கை வரலாற்றுக்கான தாள்களைத் திரட்டுவதில் எமிலி ஈடுபட்டார். ஃபிரான்சிஸ் வேலண்ட் எழுதிய அவ்வரலாறு 1853இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சூன் மாதத்தில் எமிலியும் மறைந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1883இல், தந்தையின் வரலாற்றை மீண்டும் எழுதியவர் எட்வர்ட். மௌல்மீனில் நான்கு மாதக் குழந்தையாக விடப்பட்ட அந்த எட்வர்ட்.