24 வயதில் விபத்தில் மறைந்த கிட்டார் நாயகன். சாகாமல் நிற்கும் 2 இரவுகள்: யார் இந்த டுவேன் ஆல்மன்?

ஒரு பழைய இசைத்தட்டு. அதில் பாட்டுக்கு நடுவே, கூட்டத்தில் இருந்து ஒரு ரசிகர் சத்தம் போடுகிறார். இரவு முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். அப்போது மேடையில் ஒரே ஒரு கிட்டார் மட்டும் தனியாக ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அந்த கிட்டாரை வாசித்தவர் டுவேன் ஆல்மன். 'தி ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட்' என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவை உருவாக்கியவர். அந்தப் பதிவு நடந்தது 1971 மார்ச் மாதம். அதே ஆண்டு அக்டோபரில் அவர் உயிரோடு இல்லை. அப்போது அவருக்கு வயது 24.

அரை நூற்றாண்டு கடந்த பிறகும், ராக் இசையின் மிகச்சிறந்த நேரலைப் பதிவு எது என்று ரசிகர்கள் பேச ஆரம்பித்தால் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' என்ற அந்த ஆல்பத்தின் பெயர் வராமல் இருக்காது. அப்படி என்னதான் இருக்கிறது அதில்? யார் இந்த டுவேன்?

அப்பாவைப் பறித்த அந்த இரவு

டுவேன் ஆல்மன் பிறந்தது 1946 நவம்பர் 20, அமெரிக்காவின் டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில். அடுத்த ஆண்டே தம்பி கிரெக் பிறந்தார். அப்பா வில்லிஸ் ஆல்மன் ராணுவத்தில் இருந்தார்.

1949, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வில்லிஸும் அவருடைய நண்பரும் ஒருவருக்கு காரில் லிஃப்ட் கொடுத்தார்கள். உதவி செய்தவரையே அந்த ஆள் சுட்டுக் கொன்றுவிட்டார். டுவேனுக்கு அப்போது 3 வயது. தம்பிக்கு 2.

அம்மா ஜெரால்டின் தனி ஆளாக இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். வேலைக்குத் தேவையான படிப்பை முடிப்பதற்காக, மகன்களை ராணுவப் பள்ளி ஒன்றில் தங்கிப் படிக்க விட வேண்டிய நிலை. அந்தப் பள்ளி இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. பிறகு குடும்பம் ஃபுளோரிடாவில் உள்ள டேடோனா பீச்சுக்கு குடிபெயர்ந்தது.

முதலில் கிட்டார் கற்றுக்கொண்டது அண்ணன் இல்லை, தம்பிதான். டுவேனிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். தம்பியின் கிட்டாரைப் பிடுங்கி வாசிப்பதில் வீட்டில் தினமும் சண்டை. கடைசியில், ஓட்டி ஓட்டி உடைத்துவிட்ட அந்த வண்டியைக் கொடுத்து டுவேன் ஒரு கிட்டார் வாங்கினார். அதன்பிறகு பள்ளிக்கூடம் இரண்டாம்பட்சம் ஆனது. ராத்திரி பகலாக வாசித்து, சீக்கிரமே தம்பியை முந்திவிட்டார்.

மாத்திரை பாட்டிலில் பிறந்த ஒலி

டுவேனைத் தனித்துக் காட்டியது 'ஸ்லைடு' கிட்டார். விரல் நுனியால் நரம்பை அழுத்தாமல், விரலில் மாட்டிய கண்ணாடிக் குழாயை நரம்பின் மேல் இழுத்து வாசிக்கும் முறை இது. சித்திரவீணையில் கட்டையை நகர்த்தி வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு சுரத்தில் இருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும் அந்த ஒலி, மனிதக் குரல் போலவே இருக்கும்.

அதைக் கற்றுக்கொண்ட கதையும் சுவாரசியமானது. குதிரையில் இருந்து விழுந்து கையில் அடிபட்டுக் கிடந்தார் டுவேன். குதிரையேற்றத்துக்கு அழைத்துப் போனது கிரெக்தான் என்பதால் தம்பி மேல் ஒரே கோபம், பேச்சுவார்த்தை இல்லை. கூடவே சளியும் பிடித்துக்கொண்டது. அவருடைய பிறந்தநாள் அன்று, தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரின் இசைத்தட்டு ஒன்றையும், சளிக்கான மாத்திரை பாட்டிலையும் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார் கிரெக்.

டுவேன் மாத்திரைகளைக் கீழே கொட்டிவிட்டு, காலி பாட்டிலை விரலில் மாட்டிக்கொண்டார். இசைத்தட்டில் கேட்டதை வாசிக்கத் தொடங்கினார். கோரிசிடின் என்ற அந்த மாத்திரையின் சின்ன கண்ணாடி பாட்டில், பின்னாளில் பல கிட்டார் கலைஞர்கள் தேடித் தேடி வாங்கும் பொருளாகவே மாறிவிட்டது.

தோல்வியில் இருந்து திருப்பம்

சகோதரர்கள் இருவரும் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு குழுவாக இரண்டு ஆல்பங்கள் போட்டார்கள். என்ன பாட வேண்டும், எப்படி வாசிக்க வேண்டும் என்பதையெல்லாம் இசைத்தட்டு நிறுவனமே முடிவு செய்தது. ஆல்பங்கள் எடுபடவில்லை. வெறுத்துப்போன டுவேன் ஊருக்குத் திரும்பினார்.

அலபாமா மாநிலத்தில் உள்ள ஃபேம் ஸ்டுடியோவில், மற்றவர்களின் பாடல்களுக்கு கிட்டார் வாசிக்கும் வேலை கிடைத்தது. 1968-ல் வில்சன் பிக்கெட் என்ற பிரபல பாடகர் அங்கே வந்தார். பீட்டில்ஸ் குழுவின் 'ஹே ஜூட்' அப்போது புத்தம்புதிய ஹிட். அதையே பாடலாமே என்று யோசனை சொன்னவர் டுவேன். அந்தப் பாடலின் கடைசியில் அவர் வாசித்த கிட்டார்தான், எரிக் கிளாப்டன் உட்பட பலரையும் யார் இந்த ஆள் என்று கேட்க வைத்தது.

1969 மார்ச். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஆறு பேர் ஒன்று சேர்ந்தார்கள். டுவேன், கிரெக், இன்னொரு கிட்டாருக்கு டிக்கி பெட்ஸ், பேஸ் கிட்டாருக்கு பெர்ரி ஓக்லி, டிரம்ஸுக்கு புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ என இரண்டு பேர். ஒரு குழுவில் இரண்டு முன்னணி கிட்டார், இரண்டு டிரம்ஸ் என்பதே அன்று புதுசு.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஜெய்மோ கறுப்பினத்தவர். நிறவெறி வேரோடிப் போயிருந்த அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில், வெள்ளையர்களும் ஒரு கறுப்பினத்தவரும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே வேனில் பயணித்து, ஒரே மேடையில் வாசித்தார்கள். சாப்பிடப் போன இடங்களில் முறைப்பும் வம்பும் வராமல் இல்லை. ஆனால் குழு பிரியவில்லை.

2 இரவுகள்... அந்த மேடையில் நடந்தது என்ன?

முதல் இரண்டு ஆல்பங்களும் பெரிதாக விற்கவில்லை. ஆனால் மேடையில் பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். ஸ்டுடியோவில் 5 நிமிடம் வரும் பாட்டு, மேடையில் 20 நிமிடத்தைத் தாண்டும். ஒருவர் ஒரு வரியைப் பிடிப்பார், இன்னொருவர் அதை நீட்டிக்கொண்டு போவார். அப்படியென்றால் மேடையையே பதிவு செய்தால் என்ன? குழுவினரின் கணக்கு இதுதான்.

தேர்ந்தெடுத்த இடம் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட். சுமார் 2,600 பேர் உட்காரக்கூடிய பழைய தியேட்டர் அது. பில் கிரஹாம் என்பவர் அதை நடத்தினார். விளம்பரத்தில் முதல் இடத்தில் இருந்த பெயர் ஜானி வின்டர். ஆல்மன் பிரதர்ஸ் அன்று கூடுதலாகச் சேர்க்கப்பட்ட குழு மட்டுமே.

1971 மார்ச் 12, 13. வாசலில் நின்ற பதிவு வண்டிக்குள் தயாரிப்பாளர் டாம் டவுட் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் அவருக்கு ஓர் அதிர்ச்சி. சொல்லாமல் கொள்ளாமல் சாக்ஸஃபோன் கலைஞர்களையும் மேடையேற்றியிருந்தார் டுவேன். இது சரிவராது என்று டவுட் கறாராகச் சொன்னார். அன்றைய நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். டவுட் சொன்னதில் இருந்த நியாயம் டுவேனுக்கும் புரிந்தது.

இரண்டாவது நாள் பின்னிரவு நிகழ்ச்சி, வெடிகுண்டு மிரட்டலால் தாமதமானது. தொடங்கியதே தாமதம். முடியும்போது விடிந்துவிட்டது. அந்த நேரம் வரை ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ரசிகர்கள் மறக்காத தருணங்கள்

மொத்தம் 7 பாடல்கள். இரண்டு இசைத்தட்டுகள். ஏறத்தாழ 78 நிமிடங்கள். 'யூ டோன்ட் லவ் மீ' இரண்டாவது பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. 'விப்பிங் போஸ்ட்' 23 நிமிடங்கள், நான்காவது பக்கம் முழுக்க அதுதான்.

'விப்பிங் போஸ்ட்' பிறந்த கதை தனி. நள்ளிரவில் கிரெக்குக்கு வரிகள் தோன்றின. கையில் பேப்பர் இல்லை. எரிந்த தீக்குச்சியின் கரியால், இஸ்திரி போடும் பலகையின் துணி மேலேயே எழுதி வைத்தார். இந்தப் பாட்டின் ஆரம்பத்தில் தாளம் 3+3+3+2 என்று 11 எண்ணிக்கையில் போகும். ராக் இசையில் இது அரிது.

அந்தப் பாட்டு தொடங்கும் முன்பே கூட்டத்தில் ஒருவர் அதன் பெயரைச் சொல்லிக் கத்துவது ஆல்பத்தில் பதிவாகியிருக்கிறது. இதைக் கேட்டு வளர்ந்த ரசிகர்கள், யாருடைய கச்சேரிக்குப் போனாலும் அதே பெயரைக் கத்துவது ஒரு விளையாட்டாகவே ஆனது. 1974-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் ஃபிராங்க் ஜாப்பா மேடையில் இருந்தபோதும் ஒரு ரசிகர் இதையே கேட்டார். ஜாப்பாவின் குழுவுக்கு அந்தப் பாட்டு அப்போது தெரியாது. பின்னாளில் அதைக் கற்றுக்கொண்டு, 1984-ல் தன் ஆல்பத்திலேயே சேர்த்துவிட்டார் ஜாப்பா.

அட்டைப்படமும் ரசிகர்கள் பேசும் விஷயம்தான். ஜார்ஜியா மாநிலம் மேக்கனில், செங்கல் சுவர் முன்னால், இசைக்கருவிப் பெட்டிகள் மேல் ஆறு பேரும் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். புகைப்படக் கலைஞர் ஜிம் மார்ஷல். அதுவரை உம்மென்று இருந்தவர்கள் ஏன் சிரித்தார்கள்? டுவேன் சட்டென்று எழுந்து ஓடி, போதைப்பொருள் விற்கும் தெரிந்த ஆளிடம் எதையோ வாங்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போல வந்து உட்கார்ந்தாராம். அதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. படத்தில் டுவேன் மூடி வைத்திருக்கும் கையை ரசிகர்கள் இன்றும் காட்டிப் பேசுவார்கள். பின்னட்டையில் பெட்டி தூக்கும் ஊழியர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது உண்மையான பிரச்சினை. குழுவில் பலர் போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்தார்கள். டுவேனும் விதிவிலக்கு இல்லை.

வெற்றி வந்தது, வாழ்க்கை முடிந்தது

1971 ஜூன் 27 அன்று ஃபில்மோர் ஈஸ்ட் நிரந்தரமாக மூடப்பட்டது. கடைசி இரவில் கடைசியாக வாசிக்க பில் கிரஹாம் தேர்ந்தெடுத்த குழு, ஆல்மன் பிரதர்ஸ். ஜூலையில் ஆல்பம் வெளியானது. நீண்ட நீண்ட வாசிப்பை யார் வாங்குவார்கள் என்று இசைத்தட்டு நிறுவனம் முதலில் தயங்கியது. மக்கள் வாங்கினார்கள். அக்டோபரில் தங்கத்தட்டு அந்தஸ்து கிடைத்தது.

அதே அக்டோபரில் டுவேன் பஃபலோ நகரில் போதைப் பழக்கத்துக்கு சிகிச்சை எடுத்துக்கொண்டு மேக்கன் திரும்பினார். 29-ம் தேதி, பெர்ரி ஓக்லியின் மனைவிக்குப் பிறந்தநாள். குழுவினர் சேர்ந்து வாழ்ந்த 'பிக் ஹவுஸ்' வீட்டுக்குப் போய் வாழ்த்திவிட்டு, மாலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். வழியில் முன்னால் ஒரு பெரிய லாரி திரும்பியது. மோதி விழுந்தவர் மேல் அவருடைய வண்டியே வந்து விழுந்தது. சில மணி நேரத்தில் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

இறுதிச் சடங்கில், சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே மீதி ஐந்து பேரும் வாசித்தார்கள்.

ஓராண்டு முடிந்து சில நாட்களில், 1972 நவம்பர் 11 அன்று பெர்ரி ஓக்லியும் மேக்கனிலேயே மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அவருக்கும் வயது 24.

பரவிய வதந்திகள்: உண்மை என்ன?

டுவேன் மறைவுக்குப் பிறகு 1972-ல் வந்த ஆல்பத்தின் பெயர் 'ஈட் எ பீச்'. பீச் என்பது ஒரு பழம். அவர் மோதியது பீச் பழம் ஏற்றிய லாரி, அதனால்தான் இந்தப் பெயர் என்று ஒரு கதை பல காலமாகச் சுற்றுகிறது. அது உண்மையில்லை. லாரியில் பழம் எதுவும் இல்லை. டுவேன் ஒரு பேட்டியில் பீச் பழத்தைக் குறிப்பிட்டுச் சொன்ன பதிலில் இருந்து வந்ததே அந்தத் தலைப்பு.

டுவேனும் ஓக்லியும் ஒரே இடத்தில் இறந்தார்கள் என்பதும் சரியல்ல. இரண்டு இடங்களும் சில தெருக்கள் தள்ளி இருக்கின்றன.

அதே இரவு, அடுத்த ஆல்பத்தில்

'விப்பிங் போஸ்ட்' முடியும்போது, கைதட்டலுக்கு நடுவே குழு வேறொரு இசையைத் தொடங்குவது மெல்லக் கேட்கும். அப்படியே ஒலி தேய்ந்து ஆல்பம் முடிந்துவிடும். அடுத்து என்ன வாசித்தார்கள்? 1972-ல் 'ஈட் எ பீச்' வாங்கியவர்களுக்கு விடை கிடைத்தது. அதில் உள்ள 33 நிமிட 'மவுன்டன் ஜாம்', மார்ச் 13 இரவில் அதே இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது. டுவேன் இல்லை என்று தெரிந்தபிறகு, விட்ட இடத்தில் இருந்து அவரைக் கேட்ட அனுபவம் அது.

இன்னொரு தற்செயலும் உண்டு. ஃபில்மோர் பதிவில் உள்ள 13 நிமிட இசை ஒன்றுக்கு 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்' என்று பெயர். அதை உருவாக்கிய டிக்கி பெட்ஸ், மேக்கனில் உள்ள ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறையில் பார்த்த பெயர் அது. குழுவினர் ஓய்வு நேரத்தில் போய் உட்காரும் இடம் அந்தத் தோட்டம். டுவேனும் ஓக்லியும் இன்று அருகருகே அடக்கமாகியிருப்பதும் அங்கேதான். 2017-ல் மறைந்த கிரெக்கும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 2024-ல் டிக்கி பெட்ஸும் மறைய, அட்டைப்படத்தில் சிரித்த ஆறு பேரில் எஞ்சியவர் ஜெய்மோ மட்டும்.

இன்றும் பேசப்படுவது ஏன்?

'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2003-ல் வெளியிட்ட சிறந்த 100 கிட்டார் கலைஞர்கள் பட்டியலில் டுவேனுக்கு 2-வது இடம். ஃபில்மோர் ஆல்பம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 'பிக் ஹவுஸ்' இப்போது அருங்காட்சியகம்.

டுவேன் இறந்தபோது அவருடைய மகள் கலாட்ரியேலுக்கு 2 வயது. அப்பாவைப் பற்றிய நினைவு எதுவும் மனதில் பதியாத வயது. வளர்ந்தபின், அப்பாவோடு வாழ்ந்தவர்களைத் தேடிப் பேசி, பதிவுகளைக் கேட்டு, 2014-ல் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 3 வயதில் அப்பாவை இழந்தவரின் மகள், 2 வயதில் தன் அப்பாவை இழந்தாள். ஆனால் அவளுக்கு ஒன்று மிச்சம் இருந்தது: அந்த 2 இரவுகளின் ஒலி.

ஃபில்மோர் ஈஸ்ட்டில் அன்று கூட்டத்தில் இருந்தவர் கேட்டது, இரவு முழுக்க வாசிக்க வேண்டும் என்பதை மட்டும்தான். டுவேன் இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.