தொடாமல் வாசித்தவர்

நம்ம எலக்ட்ரானிக்ஸ் லேபில் திறந்து வைத்த ரேடியோவுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் 'ஊய்' என்று ஒரு கூச்சல் வருமே, ஞாபகம் இருக்கிறதா? கோளாறு என்று நாங்கள் சட்டென கையை எடுத்துவிடுவோம். 1920-ல் ரஷ்யாவின் பெட்ரோகிராடில் லெவ் தெரமின் கையை எடுக்கவில்லை. செல்லோ வாசிக்கத் தெரிந்தவர் அல்லவா, அந்தக் கூச்சலிலேயே ஸ்வரம் தேடினார்.

விஷயம் எளிது. காதுக்கு எட்டாத ரேடியோ அலைவரிசையில் இரண்டு ஆஸிலேட்டர்கள். கை நகர்ந்தால் கெபாசிடன்ஸ் மாறி, ஒன்றின் அலைவரிசை நகரும். இரண்டுக்குமான வித்தியாசம்தான் நமக்கு இசை. வலது கை ஸ்வரத்துக்கு, இடது கை ஒலி அளவுக்கு. 1922-ல் லெனினுக்கே வாசித்துக் காட்டினார். 1927-ல் அமெரிக்கா போனார். 1929-ல் ஆர்.சி.ஏ. சுமார் 500 கருவிகள் செய்தது. கை உபாதையால் வயலினை விட்ட கிளாரா ராக்மோர் இதில் மேதையானார்.

1938-ல் நாடு திரும்பியவருக்குக் கிடைத்தது கைது, கோலிமா முகாம், பிறகு சிறை ஆய்வுக்கூடம். அங்கே அவர் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி, மரச்சின்னம் ஒன்றுக்குள் ஒளிந்து, 1945 முதல் 1952 வரை மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் வீட்டில் தொங்கியது. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது! வெளியிலிருந்து ரேடியோ அலை பாய்ச்சினால் மட்டும் பேசும். இஞ்சினியராக வியக்கிறேன், மனசு மட்டும் ஒப்பவில்லை.

பின்னாளில் மாஸ்கோ இசைக் கல்லூரியில் மறுபடி கருவிகள் செய்தார். அமெரிக்கப் பத்திரிகையில் செய்தி வந்ததும் வேலை போயிற்று, கருவிகளையும் உடைத்தார்கள். 1991-ல், 95 வயதில், நியூயார்க் போய் கிளாராவைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் காலமானார்.