குழாயைத் துண்டிக்கச் சொன்ன மகன்

விருதுநகரில் ஒரு சிறிய வீடு. அதில் ஒரு வயதான தாய் வசித்து வந்தார். அவர் பெயர் சிவகாமி அம்மாள்.

வறண்ட பூமி அது. தண்ணீர் என்றால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும்.

அந்த வீட்டுக்கு நகராட்சியார் தனியாகக் குழாய் இணைப்புக் கொடுத்தார்கள். அம்மாளின் மகன் அப்போது முதல்-மந்திரி. பெரிய இடத்தில் இருப்பவரின் மனம் குளிர, அவர் வீட்டாருக்கு நன்மை செய்வது உலக வழக்கம்தானே!

ஆனால், மகனின் மனம் குளிரவில்லை. உடனே இணைப்பைத் துண்டிக்கும்படி உத்தரவு போட்டார். ஊராருக்கு இல்லாத சலுகை தன் தாய்க்கு மட்டும் எதற்கு என்பது அவர் எண்ணம்.

அந்த மகன்தான் காமராஜர்.

கடைப் பையன்

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி பிறந்தார். அப்போது ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். தந்தை குமாரசாமி, தேங்காய் வியாபாரி. மகனுக்கு 6 வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். குடும்பத்தில் கஷ்டம் புகுந்தது. பையன் 6-ம் வகுப்போடு படிப்பை நிறுத்தினான். மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

கடை வியாபாரத்துக்கு இனிக்க இனிக்கப் பேசவேண்டும். பையனின் மனமோ அதில் செல்லவில்லை. கடையை விட்டு நழுவி, காங்கிரஸ் கூட்டங்களுக்குப் போய்விடுவான்.

1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். மொத்தத்தில் சுமார் 9 ஆண்டு காலம் அவருக்குச் சிறையிலேயே கழிந்தது.

1941-ல் சிறைக்குள் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் பதவியை உதறிவிட்டார். முழு நேரமும் உழைக்க முடியாத பதவி தனக்கு வேண்டாம் என்று கருதினார்.

எதிர்த்தவர்களுக்கு இடம்

1954-ல் முதல்-மந்திரி பதவிக்குப் போட்டி ஏற்பட்டது. சி.சுப்பிரமணியம் எதிர்த்து நின்றார். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜருக்கு 93 ஓட்டுகள், எதிர்த்தவருக்கு 41.

இனி அந்த இருவர் கதியும் அவ்வளவுதான் என்று யாரும் நினைப்பார்கள். காமராஜர் என்ன செய்தார் தெரியுமா? இருவரையும் தன் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார்! ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்று பார்க்காமல், திறமையைப் பார்த்தார்.

அவரைக் காக்கா பிடிப்பது லேசான காரியம் அல்ல. மனுவோடு வருகிறவரிடம் அளந்துதான் பேசுவார். பார்க்கலாம் என்ற ஒரு சொல்தான் பதிலாகக் கிடைக்கும். முடியாததை முடித்துத் தருவதாகச் சொல்லி யாரையும் மகிழ்விக்கமாட்டார். ஆனால், ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டார். கிராமம் தோறும் பள்ளிக்கூடம் திறந்தார்.

சிவகாசி பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊர். அதற்குப் பக்கத்தில் உள்ளது சாத்தூர். அந்தத் தொகுதி மக்கள் 1957-லும் 1962-லும் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள்.

டெல்லியில்

1963-ல் தானாகவே முதல்-மந்திரி பதவியை விட்டு விலகினார். அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். 1964-ல் நேரு மறைந்தபின் லால்பகதூர் சாஸ்திரியும், 1966-ல் இந்திரா காந்தியும் பிரதமர் ஆனதில் அவர் பங்கு பெரிது. தனக்கென்று அந்தப் பதவியை அவர் தேடவில்லை.

1967 தேர்தலில், பிறந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். எதிர்த்து நின்றவர் இளைஞர் சீனிவாசன். ஓட்டு வித்தியாசம் 1,285 மட்டுமே.

1969-ல் காங்கிரஸ் பிளந்தது. இந்திரா காந்தியின் கையில் ஆட்சி இருந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தால் செல்வாக்கு நீடிக்கும். காமராஜர் சாயவில்லை. பழைய காங்கிரசிலேயே நின்றார்.

1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி, காந்தி பிறந்த நாளில், காமராஜர் காலமானார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

விருதுநகர் வீடு இப்போது நினைவு இல்லம். ஒரு முதல்-மந்திரியின் தாய் வாழ்ந்த வீடு என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அவ்வளவு எளிய வீடு!