காமராஜர் நின்ற தேர்தல்கள்: விருதுநகர் நகராட்சி முதல் நாகர்கோவில் வரை



காமராஜரை முதலமைச்சராக எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு நகராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், கடைசிக் காலத்தில் நம் மாவட்டத்தின் எம்.பி.யாக இருந்ததும் இளைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது.

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. பிறகு காங்கிரஸ், 1930 உப்புப் போராட்டம், சிறை. 1937-ல் சாத்தூரிலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போட்டியின்றித் தேர்வானார்.

1941-ல் அவர் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் மக்கள் அவரை நகராட்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் பதவியும் அவருக்கே வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் விடுதலையானவர் அந்தப் பதவியைத் துறந்துவிட்டார். முழுநேரமும் செலவிட முடியாத பொறுப்பில் பெயருக்கு உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். சொந்த ஊரார் ஆசையாகக் கொடுத்த பதவி என்பதற்காகவும் அவர் மனம் மாறவில்லை.

1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. மேலவை வழியாக வந்திருக்கலாம். ஆனால் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் வாக்குக் கேட்டு ஜெயித்தார்.

1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துக்கு வந்தபோது முதலமைச்சர் அவர்தான். பேச்சிப்பாறை அணையும் அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் மாநிலத்துக்கு வந்தது.

1963 அக்டோபர் 2-ல் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியையும் தாமாகவே விட்டார். 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 வாக்கு வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். இரண்டு பிரதமர்கள் பதவிக்கு வர முன்னின்றவரை ஒரு சிறு வித்தியாசம் வீட்டுக்கு அனுப்பியது.

1968-ல் நம் எம்.பி. மார்ஷல் நேசமணி காலமானார். 1969-ல் நடந்த நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராஜர் நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் நம் மக்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். மலையடிவாரத்துப் பேச்சிப்பாறை முதல் கடலோரம் வரை அந்தத் தொகுதிக்குள்தான் இருந்தது. 1971-ல் தமிழகத்தில் அவருடைய கட்சிக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடமும் நாகர்கோவில்தான். 1975 அக்டோபர் 2-ல் மறையும்வரை அவர் நம் எம்.பி. சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் அவர் இருந்தது வாடகை வீடு. கன்னியாகுமரியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. குடும்பத்தோடு போனால் அவசியம் பாருங்கள்.

நம் குடியிருப்பில் சட்டமன்றத் தேர்தலுக்குக் காட்டும் ஆர்வம் வார்டு தேர்தலுக்கு இருப்பதில்லை. குப்பை, தெருவிளக்கு, குடிநீர், வடிகால் எல்லாம் வார்டு உறுப்பினரிடம்தான் முதலில் போகின்றன. 1,285 வாக்கு என்பது மாநிலத் தலைவரையே மாற்றியது. ஒரு வார்டில் அதைவிட மிகக் குறைந்த வாக்குகளே முடிவைச் சொல்லிவிடும். அடுத்த முறை வேட்பாளர் படியேறி வந்தால், இந்த வேலைக்கு உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் சங்கத்தின் பொறுப்புகளுக்குப் பெயர் கொடுக்கும் நாமும் அதே கேள்வியை நம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது.