ஜேம்ஸ் ஹோர்னெல்

ஜேம்ஸ் ஹோர்னெல் (1865 - 1949) ஒரு ஆங்கிலேய விலங்கியலாளரும், மீன்வள வல்லுநரும், கடற்கலங்களை ஆராய்ந்த இனவியலாளரும் ஆவார். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு ஆகியவற்றைப் பற்றி இவர் எழுதிய அறிக்கைகள் தூத்துக்குடிக் கடற்கரையின் வரலாற்றை அறிவதற்கு இன்றியமையாதவை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் முத்து, சங்கு ஆகியவற்றின் கண்காணிப்பாளராகவும், பின்னர் அத்துறையின் இயக்குநராகவும் பணியாற்றினார். தமிழகத்தில் இவரது பெயர் இவரது பணியின் அளவுக்கு அறியப்படவில்லை. படகுகளின் வரலாற்றைப் படிப்போரிடையே உலகெங்கும் அறியப்பட்டவர்.

தொடக்க காலம்

ஹோர்னெல் ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சித் தீவில் தமது ஆய்வு வாழ்க்கையைத் தொடங்கினார். அங்கு ஜோசப் சினெல் என்பவருடன் இணைந்து ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தினார். சினெலின் மகளை மணந்தார். கடல் விலங்கியல் குறித்த ஒரு சிறு ஆய்விதழையும் வெளியிட்டார்.

இலங்கையில்

இலங்கையின் முத்துப்பார்கள் பல ஆண்டுகள் விளைச்சல் இன்றிக் கிடந்ததால், காரணத்தை அறிய அரசு லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் எர்ட்மனை அழைத்தது. 1902 சனவரியில் அவருடன் உதவியாளராக ஹோர்னெல் வந்து சேர்ந்தார். சில மாதங்களில் எர்ட்மன் நாடு திரும்பினார், ஹோர்னெல் தங்கிவிட்டார். கடலில் செய்யவேண்டிய நாட்பட்ட வேலை இவர் மீதே விழுந்தது. இவர்களின் ஆய்வு முடிவுகள் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக இலண்டன் ராயல் சொசைட்டியால் வெளியிடப்பட்டன.

சிப்பி விளைவதும் மறைவதும் பெரும்பாலும் கடலின் போக்கைப் பொறுத்தது என்பதை இந்த ஆய்வு காட்டியது. கோடிக்கணக்கான இளஞ்சிப்பிகள் படிந்திருந்த பெரிய பார் சில மாதங்களில் வெறுமையாகிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளும் மணலும் இளஞ்சிப்பிகளை அழித்தன. எஞ்சியவற்றைத் திருக்கை போன்ற மீன்கள் தின்றன. ஆகவே இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றவேண்டும், சிப்பி பற்றிக்கொள்ளக் கற்களைக் கடலடியில் இடவேண்டும் என்று பரிந்துரைக்கப்பட்டது. முத்து உருவாவதற்கு ஒருவகை நாடாப்புழுவின் இளம் உயிரியே காரணம் என்றும் இருவரும் கருதினர். அந்நாளில் பெரிதும் பேசப்பட்ட இக்கருத்து பிற்கால ஆய்வுகளில் நிலைபெறவில்லை.

சலாபமும் அதன் விதிமுறைகளும்

முத்துக்குளிப்புப் பருவம் தமிழில் சலாபம் எனப்படும். ஹோர்னெல் இலங்கை அரசின் கடல் உயிரியலாளராக இருந்த காலத்தில் மரிச்சுக்கட்டியில் தொடர்ந்து சலாபங்கள் நடைபெற்றன. அவற்றுள் 1905 ஆம் ஆண்டுச் சலாபம் மிகப் பெரியது. சுமார் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன.

சலாபத்துக்கு முன்பு மரிச்சுக்கட்டி ஆளரவமற்ற மணல்வெளி. சில வாரங்களில் அங்கே குளியாட்கள், சம்மாட்டிகள், வணிகர்கள், கடைக்காரர்கள், அரசு ஊழியர்கள் என ஒரு நகரமே கூடியது. ஓலைக்குடிசைகளால் ஆன அந்நகரில் மருத்துவமனை, நீதிமன்றம், காவல் நிலையம், அஞ்சலகம் ஆகியவையும் இருந்தன. சில வாரங்கள் கழித்து அனைத்தும் பிரிக்கப்பட்டு மீண்டும் மணல்வெளியே எஞ்சும்.

இத்தகைய முகாமில் உயிருக்குப் பெரிய அச்சம் சுறாவால் வரவில்லை. சிப்பியின் சதை அழுகி முத்து வெளிப்படும்வரை அவை நாட்கணக்கில் வெயிலில் வைக்கப்பட்டன. நாற்றமும் ஈயும் மிகுந்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்தனர், நன்னீரும் குறைவு. வாந்திபேதி பரவினால் முகாமையே கலைக்க வேண்டியிருக்கும். எனவே குடிநீர்க் கிணறுகளைக் காத்தல், நோயுற்றவரைத் தனிமைப்படுத்தல், சிப்பி அழுகும் இடத்தைக் குடியிருப்பிலிருந்து விலக்கி வைத்தல் ஆகியவை முகாம் அதிகாரிகளின் முதன்மையான வேலைகளாயின. இவ்விடத்தில் மருத்துவரின் பணி கடலில் இருந்த அதிகாரியின் பணியைவிட எளிதன்று.

கடலில் வேறு விதிகள் இருந்தன. படகுகள் நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றில் புறப்பட்டு விடியலில் பாரை அடையும். குளிக்கவேண்டிய பகுதி கொடியிட்ட மிதவைகளால் குறிக்கப்பட்டிருக்கும். அடையாள வெடி கேட்ட பின்னரே குளிக்கத் தொடங்கலாம். நண்பகல் அளவில் மற்றொரு அடையாளம் தரப்பட்டதும் நிறுத்தவேண்டும். பிறகு கடற்காற்றில் கரை திரும்புவர். காற்றின் ஒழுங்கை ஒட்டியே இந்த நேரக்கட்டுப்பாடு அமைந்தது. எவரும் களைப்பு மிகும்வரை நீரில் இருக்காமல் காப்பதற்கும் அது உதவியது.

குளியாள் கனமான கல்லொன்றில் கால்வைத்து இறங்குவார். ஒரு கல்லுக்கு இரு குளியாட்கள். ஒருவர் இறங்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடமே தங்க இயலும். அரேபியர் மூக்கில் கவ்வியைப் பொருத்திக்கொண்டனர். தமிழ்க் குளியாட்கள் விரலாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டனர். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவரின் கவனமே கீழே இருப்பவரின் உயிர். கயிறு அசைந்ததும் இழுக்கவேண்டும் என்பது எந்த ஆணையிலும் எழுதத் தேவைப்படாத விதி.

சுறாவை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி என்பவரும் முகாமில் இருந்தார். இப்பதவி பரம்பரையாக வந்தது. 13 ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இத்தகையோரைக் குறித்துள்ளார். மந்திரத்தை நம்பாத ஆங்கில அரசும் கடல்கட்டியை வைத்துக்கொண்டது. அவர் இல்லாவிடில் குளியாட்கள் நீரில் இறங்கத் தயங்கினர் என்பதே காரணம். உண்மையில் சுறாவால் நேர்ந்த இறப்புகள் மிக அரிது.

கரைக்கு வந்த சிப்பிகள் கொட்டு எனப்படும் அடைப்பில் மூன்று சம குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு குவியல்கள் அரசுக்கு, ஒன்று குளியாட்களுக்கு. எவை அரசின் குவியல்கள் என்பதை அதிகாரியே பிரிப்பு முடிந்தபின் தேர்ந்தெடுப்பார். ஆதலால் சமமாகப் பிரிப்பதே குளியாளுக்கு நன்மை. அரசின் பங்கு மாலையில் ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டது. திறக்கப்படாத சிப்பியை வாங்குவதால் ஏலம் எடுப்பவருக்கு இது சூதாட்டம் போன்றதே.

1906 இல் இலங்கை அரசு முத்துப்பார்களை ஒரு தனியார் நிறுவனத்துக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907 க்குப் பிறகு பார்கள் மீண்டும் பொய்த்தன. 1925 வரை அங்கே சலாபம் நடைபெறவில்லை. அறிவியல் மேலாண்மை முத்தை ஆண்டுதோறும் தரும் என்ற நம்பிக்கை இத்துடன் பெரிதும் தளர்ந்தது.

தூத்துக்குடியில்

சென்னை மாகாணத்தில் 1907 இல் சர் பிரெடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் மீன்வளத் துறை உருவானது. ஹோர்னெல் இத்துறையில் சேர்ந்து தூத்துக்குடியின் முத்துப்பார்களையும் சங்குப்பார்களையும் கவனித்தார். முத்து அரிதாகவே கிடைத்ததால், நிலையான வருவாய் தந்தது சங்கே. சங்குகுளிப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. எடுக்கப்பட்ட சங்குகள் வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்கு, சிறப்பாக டாக்காவுக்கு, அனுப்பப்பட்டன. குறிப்பிட்ட அளவுக்குச் சிறிய சங்குகளை மீண்டும் கடலில் விடவேண்டும் என்பது சங்குகுளிப்பின் முக்கிய விதி.

1914 இல் வெளியான இவரது சங்கு பற்றிய நூல், சங்கின் வாழ்க்கை முதல் கோயில்களிலும் சடங்குகளிலும் அதன் இடம்வரை விரித்துரைக்கிறது. வலம்புரிச் சங்கு, சங்கறுக்கும் தொழில் ஆகியவையும் இதில் இடம்பெற்றுள்ளன. மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணை ஆகியவற்றின் முத்துக்குளிப்பு பற்றிய நூல் 1922 இல் வெளிவந்தது. பரதவர்களின் சாதித் தலைவர், முத்துக்குளிப்பில் அவருக்கு இருந்த மாணிய உரிமை ஆகியவை குறித்தும் ஹோர்னெல் ஆராய்ந்தார். மீனவரின் வழக்கங்களை அறியாமல் மீன்வளத்தை நிர்வகிக்க இயலாது என்பது இவரது எழுத்துகளில் வெளிப்படும் நிலைப்பாடு. எனினும் இவர் குடியேற்ற அரசின் அதிகாரி. அரசின் வருவாயே இவரது அறிக்கைகளின் முதல் நோக்கம் என்பதையும் மறக்கலாகாது.

கடற்கலங்கள் பற்றிய ஆய்வு

கட்டுமரம், வள்ளம் முதலியவற்றை நாள்தோறும் கண்டதன் பயனாக, இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றிய நூலை 1920 இல் வெளியிட்டார். தென்னிந்தியக் கரையோரத்தில் பொலினீசியத் தொடர்பு உண்டு என இதில் வாதிட்டார். இக்கருத்தை இன்றைய ஆய்வாளர்கள் பலர் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் இவர் அளந்து வரைந்த படகுகள் பல இன்று வழக்கில் இல்லாததால், அவ்விவரங்களின் மதிப்பு கூடியுள்ளது.

1924 இல் ஓய்வு பெற்ற ஹோர்னெல் செயின்ட் ஜார்ஜ் என்ற கப்பலில் பசிபிக் ஆய்வுப் பயணத்தில் கலந்துகொண்டார். ஏ. சி. ஹேடனுடன் சேர்ந்து ஓசியானியாவின் ஓடங்கள் பற்றி எழுதிய மூன்று தொகுதிகள் 1936 - 1938 காலத்தில் வெளியாயின. நீர்வழிப் போக்குவரத்து பற்றிய பெருநூல் 1946 இல் வந்தது. மீன்பிடிப்பு பற்றிய இவரது இறுதி நூல் மறைவுக்குப் பின் 1950 இல் வெளியிடப்பட்டது.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை மீண்டும் சலாபங்கள் நடைபெற்றன. அப்போதும் கல்லும் கயிறும் கொண்டே குளித்தனர். 1961 க்குப் பிறகு அங்கே முத்துச்சலாபம் நடைபெறவில்லை.