வான்படைத் தலைமகன் சுப்ரதோ முகர்ஜி

யூபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையிற் பழைய மாணவர் பலரும் தாம் மேற்கொண்ட தொழிலையும் அதனால் விளைந்த பயனையும் எண்ணிப் பார்ப்பது இயல்பு. விரும்பிய தொழிலை விரும்பிய தலைமையின் கீழ்ச் செய்யும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பிறர் ஆட்சிக்குட்பட்ட நாட்டிற் பிறந்தோர்க்கு இவ்விடர் பன்மடங்காகும். அவ்விடரினூடே புகுந்து, கற்க வேண்டியவற்றைக் கற்று, கற்றவற்றைத் தம் நாட்டுக்கு உடைமையாக்கிய ஒருவரின் வாழ்வை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். அவரே இந்திய விமானப்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியராகிய ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜி.

அன்னார் 1911-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் சதீஷ் சந்திர முகர்ஜி ஐ. சி. எஸ். பதவி வகித்தவர், தாயார் சாருலதா சமூகத் தொண்டில் ஈடுபட்டவர். தமக்கையார் ரேணுகா ரே பிற்காலத்தில் மேற்கு வங்கத்தில் அமைச்சராக விளங்கினார். நால்வருள் இளையவராகிய சுப்ரதோவுக்கு ஆகாய விமானத்தில் வேட்கை உண்டானமைக்குக் குடும்பத்திலேயே ஒரு காரணம் இருந்தது. மாமன் முறையினரான இந்திரலால் ரோய், முதலாம் உலக யுத்தத்திற் பிரித்தானிய வான்படையிற் சேர்ந்து, 1918 யூலையில் ஏறக்குறைய இரு வாரங்களுக்குள் பத்துப் பகை விமானங்களை வென்று, அம்மாதம் 22-ஆம் நாள் பத்தொன்பது வயதில் வீரமரணம் எய்தினார்.

இத்துணைச் சான்று இருந்தும், இந்தியர் விமானஞ் செலுத்தும் ஆற்றலுடையர் என்பதனை ஆட்சியாளர் எளிதில் ஒப்பினாரல்லர். ஸ்கீன் குழுவினர் செய்த பரிந்துரையின் பின்னரே, இங்கிலாந்திலுள்ள கிரான்வெல் விமானப்படைக் கல்லூரி இந்திய இளைஞர்க்குக் கதவு திறந்தது. 1930-இல் அங்குச் சென்ற அறுவருள் சுப்ரதோவும் ஒருவர். 1932 அக்டோபர் 8-ஆம் நாள் இந்திய விமானப்படை சட்டப்படி தோன்றியது. 1933 ஏப்பிரில் முதலாந் திகதி, சிந்துப் பாலையின் விளிம்பிலுள்ள கராச்சி நகரின் டிரிக் றோட்டு விமானத்தளத்தில் அதன் முதலாவது அணி அமைந்தது. நான்கு 'வாப்பிட்டி' விமானங்கள், ஆறு அதிகாரிகள், 'ஹவாய் சிப்பாய்' என்னும் பெயர்பெற்ற பத்தொன்பது வீரர். இவ்வளவே அன்றைய இந்திய விமானப்படை!

அறுவருள் விமானஞ் செலுத்துவோர் ஐவர். அவருள் இருவர் அவ்வாண்டிலேயே விபத்தில் மாண்டனர். பின்னர் நிகழ்ந்த மற்றொரு விபத்தின் பயனாக இன்னொருவர் சேவையினின்றும் நீங்க நேர்ந்தது. எஞ்சியவர் தவறினால் அத்தவறு ஒருவர் தவறாகக் கருதப்படாது. இந்திய இனத்தின் தகுதியின்மைக்கே சான்றாகக் காட்டப்படும். அப்பெருஞ் சுமையைத் தாங்கியே சுப்ரதோ நாள்தோறும் விமானத்தில் ஏறினார்.

அக்காலத்து வான்படையின் பணி யாதென அறிதல் வேண்டும். முதலாம் உலக யுத்தத்தின் பின் பிரித்தானியர் பரந்த பாலைகளையும் மலைகளையும் குறைந்த செலவிற் காக்க வழி தேடினர். 1920-இற் சோமாலிலாந்தில் ஒருசில விமானங்களைக்கொண்டு நெடுநாட் கிளர்ச்சியொன்றைச் சில வாரங்களில் அடக்கினர். அவ்வெற்றியைக் கண்டு, 1922-இல் ஈராக்கு நாட்டின் காவலையே விமானப்படையிடம் ஒப்படைத்தனர். அங்குத் தென்பாலையில், நெஜ்து நாட்டிலிருந்து ஒட்டகமேறி வந்து மந்தைகளைக் கொள்ளையிட்ட கூட்டத்தாரை விமானங்கள் தேடித் திரிந்தன. இம்முறையே இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கும் வந்தது. 1925-இல் வசீரிஸ்தானத்தில் தரைப்படையின்றி விமானங்களாலேயே ஐம்பத்து நான்கு நாட் போர் நிகழ்த்தினர்.

நாவலப்பிட்டியில் வாழும் நமக்கு மலையென்றால் மழையும் தேயிலைப் பசுமையும் மகாவலியுமே நினைவில் எழும். வசீரிஸ்தானத்து மலைகளோ மரமற்ற பாறைகள். கோடையில் நெருப்பும் மாரியில் உறைபனியும் உடையன. இன்று பாகிஸ்தானின் கைபர் பக்தூன்குவா மாகாணத்தில் அடங்கும் அந்நிலத்தில் வாழ்ந்த பத்தானியர், எவர்க்கும் வரி செலுத்தாது, துப்பாக்கியே துணையாக வாழ்ந்தவர். 1936-ஆம் ஆண்டிலிருந்து இப்பி பக்கீர் எனப்பட்ட சமயத் தலைவர் மிர்சா அலிகான் அவர்களைத் திரட்டிக் கிளர்ந்தார். பல்லாயிரம் வீரரை ஏவியும் பிரித்தானியர் அவரைப் பிடித்தாரில்லை. அவர் 1960-இல் தம் மலைநாட்டிலேயே நோயுற்று இறந்தார்.

இக்களத்திலேதான் முதலாவது அணியினர் மிரான்ஷா தளத்திலிருந்து பறந்தனர். வாப்பிட்டி விமானம் திறந்த இருக்கைகள் இரண்டு உடையது; முன்னே செலுத்துவோரும் பின்னே துப்பாக்கி வீரரும் அமர்வர். தரைப்படையினர் நிலத்தில் விரித்த துணிக்குறிகளைக் கண்டு அவர்தம் தேவையை அறிவர். இரு கழிகளுக்கிடையே கட்டிய கயிற்றிற் கோத்த செய்தியைத் தாழப் பறந்து கொக்கியால் எடுத்துச் செல்வர். பகைவர் கையிற் சிக்கின், உயிருடன் ஒப்படைப்போர்க்குப் பரிசளிப்பதாக அந்நாட்டு மொழியில் எழுதிய கடிதமொன்றையும் உடன் வைத்திருப்பர்.

ஒருகாற் காவலரண் ஒன்றிலிருந்த தரைப்படையினரை எதிரிகள் சூழ்ந்துகொண்டனர். உள்ளிருந்தோரிடம் ரவை தீரும் நிலை. மேலே பறந்த முகர்ஜி அதனை உணர்ந்து, தம் விமானத் துப்பாக்கிக்குரிய ரவைகளையே கழற்றுவித்து, காலுறைகளில் இட்டு, தாழப் பறந்து அவ்வரணில் வீழ்த்தினார் என்பர். தம் விமானத்தின் பாதுகாப்பைக் குறைத்துப் பிறர் உயிரைக் காத்த செயல் இது.

ஆயின், இப்பணியின் மறுபக்கத்தை மறைத்தல் முறையன்று. துண்டுப் பிரசுரங்களை முன்னரே வீசி எச்சரித்த பின், ஊர்களின்மீது குண்டு வீழ்த்துவதும் அன்றைய முறையாக இருந்தது. மக்கள் குகைகளில் ஒதுங்குவர். வயலும் மந்தையும் கவனிப்பாரற்றுக் கெடும். தண்டம் இறுத்துப் பணியும்வரை விமானங்கள் மேலே சுற்றும். அடிமைப்பட்ட நாட்டின் மைந்தர், தம்மைப்போல் அதே ஆட்சிக்கு உட்பட்டோரை அடக்கும் கருவியாயினர். இது முகர்ஜி மீது மட்டும் சாரும் பழியன்று. எனினும் அப்பணியிற் சேர்ந்தோர் எவரும் அதனினின்று முற்றும் நீங்கியவருமல்லர். அவர் அத்தொழிலை விட்டகன்றிருப்பின் குண்டுகள் நின்றிரா. இந்தியர்க்கு வான்படைத் திறன் மட்டும் வாயாது போயிருக்கும். இருபுறமும் உண்மை உண்டு. ஆராய்ந்து தெளிதல் வாசகர் கடன்.

1939 மார்ச்சில் முதலாவது அணியின் தலைமை முகர்ஜியிடம் வந்தது. விமான அணியொன்றுக்குத் தலைவரான முதல் இந்தியர் அவரே. அவ்வாண்டில் யுத்தம் மூண்டபோது இந்திய விமானப்படையில் அதிகாரிகள் பதினாறு பேரும் வீரர் 662 பேருமே இருந்தனர். 1943-இற் கோகாட்டு விமானத்தளத்தின் ஆணையாளராகவும் அவர் நியமனம் பெற்றார். இந்தியர் தளமொன்றை ஆளுதல் அதற்குமுன் நிகழாதது. வேறு எவரும் காட்ட வேண்டாதபடி தகுதி தானே சான்றாயிற்று.

1947-இல் நாடு பிரிந்தபோது படையும் பிரிந்தது. ஒன்றாய் உண்டு பறந்தோர் இரு கொடிகளின் கீழாயினர். கிரான்வெல்லில் உடன் பயின்ற அவான் பாகிஸ்தான் பக்கஞ் சென்றார். சுதந்திரத்தின் பின்னும் எல்ம்கர்ஸ்ட், ஐவலோ சாப்மன், கிப்ஸ் என்னும் ஆங்கிலேயர் மூவர் அடுத்தடுத்து இந்திய விமானப்படைத் தலைவராக இருந்தனர். முகர்ஜி துணைத் தலைவராயிருந்து பொறுமையுடன் தொண்டாற்றினார். இங்கிலாந்தின் இம்பீரியல் பாதுகாப்புக் கல்லூரியிலும் பயின்றார். 1954 ஏப்பிரில் முதலாந் திகதி, அப்படை நான்கு விமானங்களுடன் தோன்றிச் சரியாக இருபத்தோராண்டு நிறைந்த நாளில், அதன் தலைமைப் பதவியை ஏற்றார். துணிபோர்த்த சிறகுடைய வாப்பிட்டியிற் கற்ற கையே கான்பெரா, ஹண்டர், மிஸ்டேர் முதலாய தாரை விமானங்களைப் படையிற் சேர்த்தது.

அன்னார் விளையாட்டில், சிறப்பாக உதைபந்தாட்டத்தில், பெருவிருப்பினர். சிறு பருவத்திலேயே ஆட்டக்காரரை வளர்க்க வேண்டுமென அவர் எண்ணியதன் விளைவாக 1960-இல் டில்லியிற் பள்ளி மாணவர்க்கான 'சுப்ரதோ கிண்ண'ப் போட்டி தொடங்கிற்று, இன்றும் நடைபெறுகின்றது. அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள், டோக்கியோ சென்றிருந்தபோது, உணவருந்துகையில் ஒரு துண்டு மூச்சுக்குழலில் அடைத்து உயிர் நீத்தார். எல்லைப்புறத்துக் குண்டுகளுக்கும் விபத்துகளுக்கும் தப்பிய உயிர் உணவு மேசையிற் பிரிந்தமை விதியின் விந்தையே! அப்போது வயது நாற்பத்தொன்பது. துணைவியார் சாரதா முகர்ஜி பின்னர் ஆந்திர மாநிலத்துக்கும் குஜராத்துக்கும் ஆளுநராக விளங்கினார்.

தம் தொழிலின் குறைகளை அறிந்தும் அதனைச் செவ்வனே செய்து, ஆண்டவன் ஒருவன் கையிலிருந்த கருவியைத் தம் மக்கள் கைக்கு மாற்றித் தருதல் அரிய தொண்டு. கல்லூரியினின்று வெளியேறும் நம் இளைஞர்க்கும் பிறர் வகுத்த தொழில்களே முதலில் வாய்க்கலாம். அவற்றுள் எதனைக் கற்பது, கற்றதனை யார்க்கு ஆக்குவது என்பவற்றை ஓர்ந்து நடப்பாராயின், இந்த யூபிலியின் பயன் முழுமை பெறும்.